துளசித் தொட்டியில் மூன்று சிகரெட் துண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவில் (2007இல் பெயரை மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது) ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை ஹோம்ஸ்டேயாக விட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா தென்னமரம் தோட்டத்தில் குலை வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வீடு. பெயர்தான் தென்னமரம், 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டது அங்கேதான். அப்பா போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப்பூச்சி பார்க்க வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் என்று ஆள் தங்கினால் வீட்டு வரியாவது கட்டலாமே என்றுதான் ஆரம்பித்தேன்.

வாடகைக்கு வருகிறவர்களோடு எனக்கு வேறு சண்டை கிடையாது. கோப்பை உடைகிறதா, போகட்டும். சிகரெட் விஷயம் மட்டும்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. நல்ல குடும்பம்தான், பெரியவர்கள் எல்லாம் "என்னம்மா, சாப்பிட்டியா" என்று விசாரித்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு கதவைத் திறந்தால் ஊதுவத்தி வாசனை மூக்கைத் துளைக்கிறது. இவ்வளவு ஊதுவத்தி கொளுத்தியிருக்கிறார்களே, என்ன பக்தி என்று நினைத்தேன். உள் அறைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. ஜன்னல் சாத்தி, ஏர்கோன் போட்டு, இரவெல்லாம் பிடித்திருக்கிறார்கள். சோப்புக் கிண்ணத்தில் சாம்பல். தலையணை உறையில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. பின்கட்டில் அம்மா வைத்த துளசித் தொட்டியில் மூன்று துண்டு, வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

போன் போட்டுக் கேட்டேன். "நம்ம பசங்கதானே அக்கா, கல்யாண வீட்டில இதெல்லாம் பார்க்கலாமா?" என்றார்கள். அடுத்த நாள் கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் இதைப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே! ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்றபடியே "வாடை வருதுங்க அக்கா" என்றார். நான் காலையிலிருந்து துடைத்த வீடு. இரவு பத்து மணிக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன், வேறு என்ன செய்ய.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். புகை போகும், வாடை போகாது. நிக்கோட்டினும் தாரும் சுவரிலும் திரையிலும் மெத்தையிலும் படிந்து நாள் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு ஏர்கோன் வெளிக்காற்றை இழுப்பதில்லை, அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. ஆக, புகை அதற்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது, அடுத்து யார் சுவிட்சைத் தட்டினாலும் அவர்கள் முகத்தில் அடிக்கிறது. சர்வீசுக்கு வந்த தம்பி ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார், டீ டிகாக்ஷன் நிறம். அந்த சர்வீஸ், திரைகளை டோபிக்குப் போட்டது, திருப்பிக் கொடுத்த வாடகை எல்லாம் சேர்த்தால் 200 ரிங்கிட் டெபாசிட் காணாது. ஹோம்ஸ்டேகாரர்கள் டெபாசிட்டை முழுங்கிவிடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். 1 ஜனவரி 2019லிருந்து சாப்பாட்டுக் கடையில் சிகரெட் கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போய்ப் பிடி என்றார்கள். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது மாமாக் கடையில் தே தாரேக்கை மேசையில் வைத்துவிட்டு ரோட்டோரம் போய் நிற்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த புதுச் சட்டத்தில் வேப் என்கிற மின்சிகரெட்டும் சேர்ந்துவிட்டது. கடைக்காரருக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற அதே ஆள், அடுத்தவர் படுக்கிற அறையில் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு பிடிக்கிறார்? அப்பாவும் சுருட்டுக்காரர்தான். அம்மா இருந்தவரை அஞ்சடியை (வீட்டு முன் தாழ்வாரத்தை)த் தாண்டி உள்ளே கொண்டு வந்ததில்லை, மழை பெய்தால் கூரை ஓரம் ஒண்டி நின்று பிடிப்பார்.

சிலர் உள்ளே கேமரா வை என்று யோசனை சொன்னார்கள். குடும்பம் தங்குகிற வீட்டுக்குள் கேமராவா, சீச்சீ. அதற்குப் பதில் இப்போது முன்பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்டுவிடுகிறேன், உங்களில் சிகரெட், வேப் பிடிக்கிறவர்கள் உண்டா என்று. உண்டு என்றால் கோபமில்லை. பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு நாற்காலி, மணல் போட்ட ஒரு மைலோ டின், ராத்திரிக்கு ஒரு விளக்கு. உள்ளே பிடித்தால் டெபாசிட் கிடையாது என்பதையும் அப்போதே எழுதி, அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் சாவி. டின் வைத்த பிறகு வந்த நான்கு கூட்டத்தில் ஒரு கூட்டம்தான் ஏமாற்றியது. பாத்ரூமில் பிடித்துவிட்டு, ஃபேன் போட்டோமே என்றார்கள். படம் எடுத்து அனுப்பினேன், டெபாசிட்டைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை.

இன்னும் எனக்குத் தீராதது அந்த உள் அறை மெத்தை. சோடா மாவு தூவிப் பார்த்தேன், இரண்டு நாள் வெயிலில் போட்டும் பார்த்துவிட்டேன், மழை நாளில் வாடை திரும்ப வருகிறது. ஹோம்ஸ்டே நடத்துகிற வாசகர்கள் யாராவது மெத்தையைத் தூக்கிப் போடாமல் இதைப் போக்கியிருந்தால், உங்கள் பத்திரிகை வழியாகவே எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்