பி.எட். பயிற்சிக் குழுவினர் கவனத்திற்கு

நண்பர்களே, குழந்தைகளின் முகம் தெரியும் வகுப்பறைப் படங்களை இன்றிரவுக்குள் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தகவல்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. கரும்பலகையை மட்டும் படமெடுத்தால் நமக்குப் போதும்.

பாடக்குறிப்பைப் போட்டு 'அருமை' வாங்குவதைவிட, வகுப்பு எந்த இடத்தில் கைநழுவியது என்று இரண்டு வரி எழுதுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பிள்ளைகள் தவறாக விடை சொல்வதைப் பற்றி ஒருவர் கேட்டார்; பதிலாக வந்த காகித மடிப்பு யோசனையை நானே மறுநாள் வகுப்பில் பயன்படுத்தினேன். நாம் எதிர்பார்ப்பது அத்தகைய பதிவுகளைத்தான். பாடநூலின் க்யூஆர் குறியீட்டில் திறக்கும், அரசின் இணையவழிக் கற்றல் தளமான திக்‌ஷா காணொளியைப் பகிரும்போது வகுப்பு, பாட எண் குறிப்பிடுங்கள். காலை வணக்கப் படங்களைக் குடும்பக் குழுவிற்கே அனுப்பிவிடலாம்!