ரேடியேற்றர் பாதி சூடானால் பொயிலரையா மாற்றுவது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

குளிர்காலச் செலவு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், அறையைச் சூடாக்கச் சுவரோரம் பூட்டும் ரேடியேற்றர் முழுவதும் சூடாகாவிட்டால், அதற்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பொயிலரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்ற தொனியில் ஒரு வரி இருந்தது. லண்டனில் நெடுங்காலம் வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டி இளைப்பாறியவன் நான். அந்த வரியைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

மற்ற அறைகள் நன்றாகச் சூடாகி ஒரு ரேடியேற்றர் மட்டும் அரைகுறையாக இருந்தால், குற்றம் பொயிலரில் இருப்பது அரிது. எந்த இடம் குளிர்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கும் சதுர முளையை ரேடியேற்றர் திறப்பால் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். கீழே ஒரு பழைய துணியைப் பிடியுங்கள். உஸ் என்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பொயிலரின் அழுத்தமானியைப் பார்க்க மறக்க வேண்டாம். ஹீட்டிங்கும் குழாய்ச் சுடுதண்ணீரும் ஒன்றாகத் தரும் கொம்பி பொயிலரென்றால் ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 'பார்' அழுத்தம் வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல், 'காற்றெடுத்த பிறகு பொயிலரே நின்றுவிட்டது' என்று பதறியவர்கள் ஏராளம்.

மேலே சூடாகிக் கீழே, குறிப்பாக நடுவில், குளிர்ந்தால் அது வேறு கதை. உள்ளிருக்கும் இரும்பு கறள் பிடித்துக் கரிய சேறாக அடியில் படிந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு இதே நிலைதான். திருத்த வந்தவர் ரேடியேற்றரைத் தொடக்கூட இல்லை. புதுப் பொயிலருக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ரேடியேற்றரைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை அடித்தேன். மை போல் கறுப்பாக ஓடிய தண்ணீர் தெளிய வெகுநேரமாயிற்று. திரும்பப் பூட்டி, கறள் தடுக்கும் மருந்தையும் ஊற்றிவிட்டேன். அதே பொயிலர்தான் இன்றும் ஓடுகிறது. எல்லா அறைகளிலும் சேறு என்றால் முழுக் குழாய்த் தொகுதியையும் கழுவி, காந்த வடிகட்டி பூட்டுவது நல்லது. அதற்குச் செலவுதான், ஆனாலும் புதுப் பொயிலரின் விலை வராது. சேற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பொயிலர் பூட்டினால் அதுவும் கெட்டுப்போகும்.

ஒரு ரேடியேற்றர் மட்டும் முழுக்கக் குளிர்ந்து கிடந்தால், இலக்கம் போட்ட வால்வுத் தலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு ஊசி இருக்கும். கோடையில் மாதக்கணக்காக மூடிக் கிடந்து அது இறுகியிருக்கலாம். அமுக்கினால் மேலெழ வேண்டும். எழாவிட்டால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணீர் சுவரெல்லாம் பாயக்கூடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதற்குக் கைக்காசு செலவழிக்கவே வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11 ஆம் பிரிவு, வீட்டைச் சூடாக்கும் சாதனங்களைத் திருத்தி வைப்பதைப் பெரும்பாலான வாடகை வீடுகளில் வீட்டுக்காரரின் கடமையாக்கியிருக்கிறது. வாயால் சொல்லிவிட்டு இருக்காமல் எழுத்தில் அறிவியுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரேடியேற்றரில் காற்றெடுக்க எந்த அனுமதியும் தேவையில்லை. பொயிலரின் காஸ் பகுதியில் கைவைப்பவர் காஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடான 'காஸ் சேஃப்' (Gas Safe) பதிவில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் விளம்பரப் பக்கங்களில் 'பொயிலர் மாற்றித் தரப்படும்' என்று வருபவற்றில் பலவற்றில் தொலைபேசி எண் இருக்கிறது, பதிவு எண் இல்லை. அந்த எண்ணைத் தராதவர்களின் விளம்பரத்தை இனி ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஹீட்டிங் தொழிலாளி,
ஹரோ, லண்டன்