ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை விட்டுப்போகக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நெஞ்சுவலி வந்தவரை 108-இல் ஏற்றி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைப்பது இன்று ஏழைக் குடும்பத்துக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதெல்லாம் பெரிய விஷயம், மறுக்கவில்லை. எங்கள் கவலை, அந்த மனிதர் வீடு திரும்பிய பிறகு வரும் ஓராண்டைப் பற்றியது. கூலி வேலை செய்து பிழைக்கும் வீடுகளில், காப்பாற்றிய உயிர் மறுபடி ஆபத்துக்குள் போவதற்கு நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம் மாத்திரை விட்டுப்போவதுதான்.

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்கம்பி. ரத்தக் குழாயின் உட்தோல் அதன்மேல் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கம்பியைத் தொட்டு ஓடும் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் சேர்த்து, பொதுவாக 12 மாதம் போடச் சொல்கிறார்கள். அதன் பிறகும் ஆஸ்பிரின் பெரும்பாலும் ஆயுசுக்கும் உண்டு. "இப்பத்தான் வலியே இல்லையே, இன்னும் எதுக்கு மாத்திர?" என்று மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். அந்த அட்டாக் முதலாவதைவிடக் கொடியதாக இருக்கலாம்.

எல்லோரும் வேண்டுமென்றே நிறுத்துவதில்லை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வருபவர் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பேருந்து பிடித்து, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். கூட வரும் ஆளின் கூலியும் சேர்ந்து போகும். அதனால் மருந்தை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரிய மருத்துவமனைச் சீட்டில் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் இரவு ஒன்று என்று இருக்கும். ஊர் நிலையத்தில் 10 மில்லிகிராம் மாத்திரைதான் கையிருப்பில் இருந்தால் இரவு நான்கு போட வேண்டும். 'இரவு 1' என்பதை மட்டும் படித்துவிட்டு ஒன்றே போட்டுக்கொண்டிருப்பார்கள். பெயர் சரி, நிறமும் அதேதான், அளவு மட்டும் கால்வாசி. ஆறு மாதம் கழித்துக் கொழுப்பு இறங்கவில்லையே என்று எல்லோரும் குழம்புவார்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டிய நோயாளி இவர். மாத்திரை கொடுப்பவர் அட்டையின் பின்புறத்தில் '10 மி.கி. - இரவு 4' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும், இது தீர்ந்துவிடும்.

வயிற்றெரிச்சல் இன்னொரு காரணம். ஆஸ்பிரினை வெறும் வயிற்றில் போட்டால் எரியும். எரிந்தால் எல்லா மாத்திரையையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள். சாப்பிட்ட பின் போட வேண்டும். எரிச்சல் தொடர்ந்தால் பேன்டோபிரசோல் கேட்டு வாங்கலாம். கடையில் தானாக ஒமிபிரசோல் வாங்க வேண்டாம், அது குளோபிடோகிரெல்லின் வேலையைக் குறைக்கும். மலம் கறுப்பாகத் தார்போலப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனலாபிரில் போடுபவருக்கு வறட்டு இருமல் வரலாம். குளோபிடோகிரெல்லுக்குப் பதிலாக டிகாக்ரெலார் போடுபவருக்குச் சில சமயம் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார், தானாக நிறுத்தினால்தான் ஆபத்து. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பக் கிளம்பும். பல் பிடுங்கப் போகும்போதும் இதே கதைதான். ரத்தம் நிற்காது என்று பயந்து ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

ஊர்க் கொடை, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு தங்கல், கேரளத்துக்கு வேலைக்குப் போதல் என்று ஊரைவிட்டுக் கிளம்பும் நாட்களிலும் மாத்திரை வீட்டிலேயே கிடந்துவிடுகிறது. போகிற நாட்களைவிட ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் பையில் வையுங்கள். மேலப்பாளையம் போன்ற இடங்களில் நோன்பு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அண்மையில் அட்டாக் வந்தவர் நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்த மாத்திரை ஸஹருக்கு (விடியுமுன் சாப்பிடும்போது), எது நோன்பு திறந்த பிறகு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது உடம்புவலி மாத்திரை. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது எங்கள் ஆதங்கம். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் சுமப்பவரும், நயினார்குளம் சந்தையில் மூட்டை தூக்குபவரும், நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் அக்காமாரும் இடுப்புவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் இருக்கும். அட்டாக் வந்தவருக்கு அது மறுபடி அட்டாக் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்து குடலில் ரத்தம் கசியவும் வைக்கும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரரிடம் முதலில் "நான் ஹார்ட் பேஷன்ட்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஊசி போடும் இடத்திலும் அதையே சொல்லுங்கள்.

முக்கூடல், பாப்பாக்குடி வட்டாரத்தில் பீடியை விடச் சொல்வது எளிது, விடுவதுதான் கடினம். மனைவி மடியில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார், கட்டு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், புருஷன் அதே அறையில் படுத்திருப்பார். வருமானத்தை விடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆகவே இவ்வளவாவது செய்யுங்கள்: சுற்றுவதைத் தார்சாவுக்கு (முன் தாழ்வாரத்துக்கு) மாற்றுங்கள், தூளும் கட்டும் மூடிய டப்பாவில் அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும், சுற்றி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோறு போடுங்கள். சிகரெட்டைவிடப் பீடி லேசானது என்ற நினைப்பு தவறு. வெற்றிலையோடு போடும் புகையிலையும் கெடுதல்தான். புகையை விட்ட ஓராண்டில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இவ்வளவு பலனைச் செலவே இல்லாமல் தரும் மருந்து வேறு கிடையாது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. பழைய சோறு கெடுதல் இல்லை, கூடவே வரும் கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளத்தின் உப்புதான் கெடுதல். ஆளுக்கு ஒரு நாளுக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்பு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். ரேஷன் பாமாயிலையே முழுக்க ஊற்றாமல் பாதிக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சேர்க்கலாம். உவரிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சாளை மீன் இதயத்துக்கு நல்லது, பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

வேலை பற்றி: சிக்கல் இல்லாத அட்டாக் என்றால் முதல் வாரம் ஐந்து நிமிடம் சமதரையில் நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறாவது வாரம் அரை மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். லேசான வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூட்டை, செங்கல், வாழைத்தார் என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான். இதயத்தின் பம்பு பலம் குறைந்தவர் அந்த வேலைக்கே திரும்ப முடியாமல் போகலாம். குடும்பம் அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ தவணைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி உறவைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இரண்டு மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பயமில்லை. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் கடையில் விற்கும் வீரிய மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். தூக்கமின்மை, தனியே அழுவது, யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடப்பது இவையும் அட்டாக்குக்குப் பின் அடிக்கடி வருபவை. இதற்கும் சிகிச்சை உண்டு.

மறுபடி நெஞ்சு வலித்தால் நிற்காமல் உட்கார்ந்துகொண்டு, 5 மில்லிகிராம் சார்பிட்ரேட்டை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. வாயு என்று சோடா, ஓமத் தண்ணீர் குடித்து நேரத்தைப் போக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டும் ஈ.சி.ஜி.யும் ஒரே பையில் இருக்கட்டும். ஈ.சி.ஜி. தாள் நாளாக ஆக மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் சூட்டில் முழுதும் கறுத்துவிடும்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இதய நோயாளிக்கு குளோபிடோகிரெல், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின், மெட்டோபிரோலால் நான்கும் அந்தப் பையில் ஒரு மாதமும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் நாளன்றே 30 நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து, எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தத் தேதி, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். அந்த நிலையத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். தேதி தாண்டி மூன்று நாள் வரவில்லை என்றால், கிராம செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இதய நோயாளிகளிடையே பணிபுரியும் செவிலியரும் மருந்தாளுநரும்,
பாளையங்கோட்டை