லீவர் எப்போது உள்ளே போகிறது?

பாளையங்கோட்டை

அன்பு மாப்பிள்ளை இசக்கிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நல்லபடியாக முடிந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அதனால் பட்டறையில் ஒரே கூட்டம். அருவிக்குக் கிளம்புகிறவனுக்கெல்லாம் கிளம்புகிற அன்று காலையில்தான் பிரேக் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மாடிப்படி ஏறாமல் இருக்க மாட்டேன் என்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் செட்டிபாளையத்து கரி ரேஸ் டிராக்கில் சில லேப் ஓடியதும் பைக்கின் முன் பிரேக் பிடிக்கவில்லை, அதனால் லீவரை அமுக்கினால் ஆயிலைத் தள்ளுகிற அந்த மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. லீவர் கைப்பிடி வரைக்கும் இறங்கி வந்ததா, இல்லை லீவர் கெட்டியாக நின்றும் வண்டி நிற்காமல் போனதா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. நீ வாங்க நினைக்கிற சாமான் இரண்டுக்குமே மருந்தில்லை.

லீவர் இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் பிரேக் ஆயில் மேல்தான். டாட் 4 என்று தரம் போட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு அதே தரக்கணக்கு 155 டிகிரிதான் கேட்கிறது. டவுனில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. உன் டிராக்கோ சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒரு வளைவில் சூடான டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு, ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், நீ அமுக்குவது ஆவியைத்தான். ஆவி சுருங்கும், பிஸ்டன் நகராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியை டிராக் ஓரத்துப் பிட்டுக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் நிறுத்தினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், லீவரும் பழையபடி வந்துவிடும். மெக்கானிக் அமுக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு" என்பான். அவனும் பொய் சொல்லவில்லை.

லீவர் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கில் உரசுகிற பேட்டைக் கழற்றிப் பார். ரோட்டுக்கென்று செய்த ஆர்கானிக் பேட் அளவுக்கு மேல் சூடானால், அதிலிருக்கிற பிசின் கருகி முகம் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். அதை உப்புத்தாளில் தேய்த்துப் போடுவதெல்லாம் வீட்டுக்கு வந்து சேரத்தான் உதவும். சூடு தாங்குகிற பேட்டாக மாற்று. புதுப் பேட் போட்டால் முதல் சுற்றுகளில் மெதுவாகப் பிடித்துப் பிடித்துச் சூடாக்கிப் படியவிடு. படியாத பேட்டோடு போய் முதல் வளைவிலேயே முழு பிரேக் அடிக்கிற ஆட்களை நீயே பார்த்திருப்பாய்.

காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே லீவர் தொளதொளவென்று இருந்தால் அது உள்ளே காற்று. வேகமாக நாலைந்து தரம் அமுக்கிப் பார். லீவர் மேலே ஏறி வந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்தக் காற்றை வெளியேற்ற ஏர் எடுப்பதற்கு முன்னால், காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கென்று இருக்கிற சறுக்கு பின்னைப் பார்த்துவிடு. போன மாதம் திருச்செந்தூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. ஹோஸ் மாற்றியாயிற்று, இரண்டு இடத்தில் ஏரும் எடுத்தாயிற்று, லீவர் மட்டும் அமுங்கிக்கொண்டே இருந்தது. காலிப்பரைக் கழற்றினால் பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்புவரை தேய்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கப் பேட் பாதி கனம் அப்படியே நிற்கிறது. பின்னை மூடியிருந்த ரப்பர் கிழிந்து, கடற்காற்று உள்ளே போய், பின் துருப்பிடித்துக் குழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலிப்பர் நகர முடியாததால் பிஸ்டன் டிஸ்க்கை ஒரே பக்கமாக வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வளைவுதான் கைக்கு அமுங்கலாகத் தெரிந்தது. புதுப் பின், புது ரப்பர், சிலிக்கான் கிரீஸ் போட்டதோடு சரியாகிவிட்டது. சாதாரண கிரீஸ் வைக்காதே, ரப்பர் ஊதிப்போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின வண்டிகளில் இந்தப் பின்னை நான் தனியாகவே பார்ப்பேன். வெளியே கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார்கள், உள்ளே துரு.

ஏர் எடுக்கும்போது கடைசிக் குமிழ் காலிப்பரில் இருப்பதில்லை. மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேருகிற போல்ட் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். ஆயில் டப்பா மூடியைத் திறந்து வைத்து, லீவரை அரை விரல் அளவுக்கு மட்டும் சின்னச் சின்னதாக ஆட்டு. ஹோஸை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வா. கடுகளவு குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும். அதைப் பார்க்கிற திருப்தி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இரவு லீவரை இழுத்துக் கட்டிவைத்தால் காலையில் கெட்டியாகும் என்பார்கள். சின்னக் குமிழுக்கு அது உதவும்தான், ஆனால் பழைய ஆயில் புதிதாகிவிடாது. முழுதாக மாற்று. டாட் 5.1 கிடைத்தால் டாட் 4 இருக்கிற வண்டிக்கு ஊற்றலாம். வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பதைத் தொடாதே, அது சிலிக்கான், இதோடு சேராது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் இருக்கிற வண்டியென்றால் அந்தப் பெட்டிக்குள்ளும் காற்று தங்கும், அதற்குரிய கருவி வைத்திருக்கிறவனிடம் கொடு.

இப்போது அந்த மாஸ்டர் சிலிண்டர். 14 மில்லிமீட்டர் பிஸ்டன் இருக்கிற இடத்தில் 16 போட்டால் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. லீவர் ஓட்டம் குறையும், கைக்குக் கெட்டியாகத் தெரியும், கடைக்காரன் "பாத்தியா" என்பான். ஆனால் அதே லீவரில் அதே பிடிப்புக்கு உன் விரல் 30 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். நுணுக்கமும் போய்விடும். நம் ஊர்த் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களை நினைத்துப் பார், ஒரேயடியாகச் செருகாமல் சக்கரம் வருகிற வேகம் பார்த்து விட்டுக்கொடுத்துப் போடுவார்கள். உன் விரலுக்கும் அந்த இடம் வேண்டும்: முதலில் லேசாகப் பிடித்து முன்பக்கம் இறங்கிப் பாரம் டயருக்கு வந்த பிறகுதான் முழு அழுத்தம். ஸ்டீல் பின்னல் ஹோஸ் வேண்டுமானால் போட்டுக்கொள். ரப்பர் ஹோஸ் மாதிரி உப்பாது, வீண் செலவில்லை. கொதிக்கிற ஆயிலுக்கு அதுவும் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று கேட்க வேண்டும். புது லீவர் ஒன்று போட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதில் இம்மி ஆட்டமாவது இருக்கிறதா பார். ஆட்டமே இல்லாமல் இறுக்கியிருந்தால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற ஓட்டை அடைத்தே இருக்கும். சூட்டில் ஆயில் விரிய விரிய பேட் தானாக டிஸ்க்கைப் பிடித்து இன்னும் சூடேற்றும். அப்படியிருந்தால் லீவர் முதலில் கெட்டியாகிக்கொண்டே போய், அப்புறம்தான் திடீரென்று இறங்கும். உன் கதை இதுவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். நேர் ரோட்டில் விரலை லீவரிலேயே போட்டுவைக்கிற பழக்கமும் உனக்கு உண்டு, மணிமுத்தாறு போன காலத்திலேயே பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அடுத்த தடவை டிராக்கிலிருந்து உள்ளே வந்ததும் வண்டியைத் தூக்கி முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். இலகுவாகச் சுற்றுகிறதா, பிடிக்கிறதா என்று எழுது. பேட் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. மாஸ்டர் சிலிண்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லையென்றால் என் பதில் வரும்வரை கொடுக்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரபாண்டி