முன்பணம் கட்ட விடாதே, மணியம்

செந்தூல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணியம்,

மூன்று மாதமாகப் பதில் போடாதவனுக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்று கேட்பாய். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் முட்டிவலி தேவலையா? நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. லெபோ பாசார் நகைக்கடை முகப்புக்கு 55 அங்குல ஊடுதெரியும் ஓலெட் (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை, பின்னால் இருப்பதும் தெரியும்), தொடுதிரையோடு. செவ்வாய்க்கிழமை முதலாளி பாதிப் பணம் கட்டுகிறார் என்கிறாய். கட்ட விடாதே.

திரையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன், தொடுதிரைக்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறான்: ‘டச் ஃபிலிம், கண்ணாடியின் உள்பக்கம்’. வில்லங்கம் முழுக்க அந்த வரியில்தான். ஃபிலிமுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பி வலை ஓடுகிறது. வெளியே நிற்பவர் விரலை வைத்ததும் அந்த இடத்தில் மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் திறன், ஒரு பிகோஃபாரடைவிடக் குறைவான அளவே மாறும். தொடுகையைக் கண்டுபிடிக்கும் சில்லான கன்ட்ரோலர் மோப்பம் பிடிப்பது அதைத்தான். நடுவே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

நகைக்கடையாச்சே, இரண்டு கண்ணாடி ஒட்டிய லாமினேட்டடாகத்தான் இருக்கும். 6.38 மி.மீ. என்றால் சமாளிக்கலாம். 10.38, 12.38 என்று தடிக்கத் தடிக்கத் தொடுகை மங்கும். அதைவிட மோசம் காற்று இடைவெளி. மின்தேக்கத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு கைகொடுக்கிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலி கண்ணாடிக்கு 7 அளவில், காற்றுக்கு 1. ஆக, ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 1 மி.மீ. காற்று நின்றாலே, கூடுதலாக 7 மி.மீ. கண்ணாடி வைத்த கணக்கு. நாலு ஓரமும் டேப் ஒட்டி ‘முடிஞ்சது பாஸ்’ என்பவனை வாசலிலேயே நிறுத்து. குமிழி இல்லாமல் முழுப் பரப்பும் ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் டின்டட்! வெயிலுக்கு ஒட்டிய ஃபிலிமில் உலோகப் பூச்சு இருந்தால் விரலின் சங்கதி அந்தப் பக்கம் போகவே போகாது. காரில் உலோக டின்டட் இருந்தால் டோல் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரைக் கண்ணாடியை விட்டுவிட்டு ஹெட்லேம்பில் ஒட்டுகிறோமே, அதே தொல்லைதான். உரித்துவிடலாம். ஆனால் பூச்சு கண்ணாடியோடு சேர்ந்தே வந்த, வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ ரகம் என்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் எங்கே?

1973-இல் ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகத்தில் பென்ட் ஸ்டம்ப் செய்த ஊடுதெரியும் தொடுதிரையில் கண்ணாடி மேல் 80 மைக்ரான் செம்புக் கோடுகள் இருந்தன. பிறகு உலகமே இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் ஊடுதெரியும் பூச்சின் பக்கம் போனது. திரை பெரிதானதும் அதன் மின்தடை கட்டுப்படியாகவில்லை, மறுபடி உலோக வலைக்கே வந்தார்கள். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துவிடு.

அடுத்தது ஈரம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 28 டிகிரியிலேயே பனி படியும். ஏர்கோன் கண்ணாடியை 25-க்கு இறக்கிவிட்டால் வெளிப்பக்கம் வேர்த்துக் கொட்டும். அந்தத் தண்ணீர்ப் படலத்தை விரல் என்று எண்ணித் திரை தானாகப் பக்கம் புரட்டும். கன்ட்ரோலர் உயிர் பெறும் நொடியில் பார்ப்பதைத்தான் ‘யாரும் தொடவில்லை’ என்று பதிந்துகொள்கிறது. காலையில் ஈரத்துணி ஓடும்போது சுவிட்சைத் தட்டினால் துடைத்த பிறகு அந்த இடம் செவிடாகிவிடும், இல்லாவிட்டால் பேய்பிடித்த மாதிரி ஆடும். துடை, காயவிடு, பிறகு தட்டு. ஆயுத பூசையன்று சந்தனத்தைச் சட்டத்தில் வைக்கச் சொல், திரையில் வேண்டாம். முதலாளியம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் உனக்குக் கிடையாது என்று தெரியும்.

பழைய கடைவீடு, எர்த் வயரையும் பார்த்துவிடு. அது சரியில்லை என்றால் பவர் சப்ளையின் இரைச்சல் ஏறித் தொடுகை இடம் மாறி விழும்.

இவ்வளவுக்கும் பிறகு கேட்கிறேன், ஓலெட் எதற்கு? அதில் கறுப்பு என்றால் வெறும் கண்ணாடி. ஒளி ஊடுருவுவது 40 விழுக்காடு அளவுதான், பின்னால் இருக்கும் ஆரம் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்த மாதிரி மங்கும். ஊடுதெரியும் எல்சிடி இன்னும் மோசம், 10–15 விழுக்காடுதான், ஆனால் பின்னால் விளக்குப் பெட்டி இருந்தால் போதும். நகைப் பெட்டியே விளக்குப் பெட்டிதானே! விலையும் குறைவு. சிறிய எல்சிடியைக் கடைக்குள் நகைப் பெட்டியின் மூடியாக வை. ஈரம், டின்டட், வெயில் மூன்றும் ஒழிந்தது. ஒன்று மட்டும் மறக்காதே: எல்சிடியில் வெள்ளைதான் தெளிவு, கறுப்பு மறைக்கும். ஓலெட்டுக்குக் கறுப்புப் பின்னணியில் செய்த படத்தை அப்படியே போட்டால் ஆரம் காணாமல் போய்விடும்.

முகப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், விற்பவனை ஒரு சின்ன ஃபிலிம் கொண்டுவரச் சொல். அந்தக் கண்ணாடியிலேயே ஒட்டி, ஏர்கோனை முழுசாக வைத்து, ஒரு காலையும் ஒரு மழையும் பார்த்துவிட்டுப் பணத்தைப் பேசு. நாளைக்கே கண்ணாடியின் விளிம்பைப் படமெடுத்து அனுப்பு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு. போன தடவை மாதிரி உன் கட்டைவிரலை மட்டும் அனுப்பாதே.

உன்,
சேகர்