கயிறு கட்டிக்கொள், பாப்பா

மஸ்கெலியா
ஜூலை 14

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல்.

மூன்று நாளாக மழை விடவில்லை. நேற்றுப் பின்னேரம் கரண்டும் போய்விட்டது. போனில் பேசினால் பாதிதான் கேட்கிறது, அதனால் கொப்பியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். டொக்டர் கொடுத்த மாத்திரையை ஒருநாள் போட்டால் இரண்டு நாள் மறந்துவிடுகிறாள். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. தம்பி போன மாதம் கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் நின்றான். அவன் சொன்னதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

நீ கீறி அனுப்பிய இரட்டை உடல் படகின் படத்தை அப்பா பார்க்கவே இல்லையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். பார்த்தேன் பாப்பா. வந்த அன்றைக்கே பார்த்தேன். டவுனுக்குப் போய் கொமியுனிகேஷன் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து, என்னைப் பெற்ற ஆயாவின் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். உடுப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. "நல்லா இருக்கு" என்று ஒரே வரி அனுப்பியதற்கு நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு நீயும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைச் சுருக்கிவிட்டாய். சாப்பிட்டீங்களா, மழையா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். பெற்றவனிடம் அப்படியா பேசுவது?

38 வருஷம் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு படத்தைப் பார்த்தால் சொல்வதற்கா இல்லாமல் போகும்? நிறைய இருந்தது. ஆளிச் செடியின் நாரை வைத்துப் படகின் உடலைச் செய்யப் போவதாகச் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைப் பார்சலில் அனுப்பினாயே, அதை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். சாக்கு மாதிரி பின்னல் தெரிகிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் வெளிச்சம் கசிகிறது. நகத்தால் தட்டினேன். ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நார் 'டிங்' என்று திருப்பிச் சொல்லும், இது 'தொப்' என்று சத்தத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. ரோலர் அறையில் அத்தனை வருஷம் அதிர்வோடு மல்லுக்கட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். கண்ணாடி நார்ப் படகு பழசானால் உருக்கவும் முடியாது, புதைத்தாலும் உக்காது என்று நீ சொன்னபோது, நம் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பே மேல் என்று நினைத்தேன். நடுவில் வைக்கிற நுரைப் பலகைகூடப் பழைய பிளாஸ்டிக் போத்தலை உருக்கிச் செய்வது என்றாயே, அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? கோயில் கமிட்டியில் எல்லாருக்கும் இப்போது பாடம்.

பாய் கட்டி ஓடும்போது அடியில் உள்ள சுழலியைத் தண்ணீரே சுற்றும், அதில் வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும், காற்று விழுந்தால் அதே சுழலி மோட்டாராகிப் படகைத் தள்ளும் என்றாய். அது எனக்கு உடனே விளங்கியது. ஓடையிலிருந்து குழாய் இறக்கி ஓடிய நம் பழைய டர்பைனை நான்தானே கடைசியாகக் கழற்றிப் பூட்டினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், தண்ணீர் சும்மா எதையும் தராது. சுழலி எடுக்கிற அளவுக்குப் படகின் வேகம் குறையும். அதைக் கணக்கில் சேர்த்திருப்பாய். சேர்த்திருப்பாய், எனக்குத் தெரியும்.

நம் தோட்ட லயத்திலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட முதல் பிள்ளை நீ. இப்போது சவுத்தாம்ப்டனில் கடலை அளக்கும் படகுக்குப் படம் கீறுகிறாய். கொழுந்துக்காரப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கிற ஆட்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: நம் மலைக்கு மழையே அங்கிருந்துதானே வருகிறது. பூமியில் கூடுகிற சூட்டில் நூற்றுக்கு 90 பங்கு கடலுக்குள் போகிறது என்று நீ சொன்னதைச் சொல்வேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடும் கருவியை ஆழத்துக்கு இறக்குவதையும், புகை கக்கும் கப்பலில் போனால் அந்தப் புகையே காற்றுக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதையும் சொல்வேன். இயந்திரச் சத்தம் இல்லாவிட்டால் மிரிஸ்ஸப் பக்கம் போகிற நீலத் திமிங்கிலம் எழுப்பும் ஒலியைத் தெளிவாகக் கேட்கலாமாம். அதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். போன வருஷம் மழை வர வேண்டிய மாதத்தில் வெயில் காய்ந்து கொழுந்து கருகியது. அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான். உன் வேலை யாருக்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி. தம்பி சொன்னதற்கு வருகிறேன்.

அடுத்த வருஷம் மே மாதம் படகு தண்ணீரில் இறங்கியதும், முதல் ஓட்டத்தில் நீயும் போவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டான். கேனரித் தீவு வரைக்குமாம். அவனைத் திட்டாதே. நீ என்னிடம் சொல்லாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் போனில் வரைபடத்தைப் பார்த்தேன். நடுவில் பிஸ்கே வளைகுடா என்று ஓர் இடம் வருகிறது. அங்கே அலை எப்படி எழும்பும் என்றும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

வேறொன்றும் வாசித்தான். அடியில் ஈயக்கனம் உள்ள ஒற்றை உடல் படகு கவிழ்ந்தால் அந்தக் கனமே திருப்பி நிமிர்த்திவிடும். இரட்டை உடல் படகு அகலத்தால் நிற்பது. லேசில் கவிழாது, ஆனால் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவே நின்றுவிடும். ஒற்றைப் படகு காற்று கூடினால் சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும், இது சாயாது. அதனால் காற்றின் வேகத்தை எண்ணில் பார்த்து நேரத்தோடு பாயைச் சுருக்க வேண்டுமாம். நீ சுருக்கச் சொல்வாயா? அங்கே இருக்கிற பெரிய ஆட்கள் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு நிற்காதே. மேல்தட்டில் தனியாக நிற்காதே. இரவில் வெளியே வந்தால் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வா. பகலிலும் கட்டிக்கொள். மற்றவர்கள் கட்டாவிட்டாலும் நீ கட்டிக்கொள்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் எத்தனையோ தரம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உனக்கு இப்போது நீந்தத் தெரியுமா?

எட்டாம் ஆண்டில் நீச்சல் பழகக் கண்டிக்கு அனுப்ப ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தார்கள். நீயும் அதில் ஒருத்தி. தாளைக் கொண்டுவந்து நீட்டினாய். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றேன். நீ இஸ்தோப்பில் குந்தி அழுதாய். பஸ் இலவசம் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது பாப்பா. உனக்குச் சிங்களம் அவ்வளவாக வாசிக்க வராத காலம் அது. நான் வாசித்தேன், வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

சாமித் தட்டில் இருக்கிற சித்தப்பா படத்துக்கு வருஷா வருஷம் நீதான் பூ வைப்பாய். தண்ணீரில் போனான் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். 1978 அது. எனக்கு 12 வயது, அவனுக்கு 9. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, அணை கட்டியபோது உள்ளே போன பழைய டவுனின் கோயில் வெளியே தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. ரோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன தார் பீப்பாய் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு பலகை. மாட்டுக்கொட்டிலில் நல்ல கயிறு இருந்தது. எடுத்தால் ஆயா அடிப்பாள் என்று, வேலியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய கயிற்றை அவிழ்த்துவந்து கட்டினேன். இழுத்துப் பார்த்தபோதே ஒரு புரி அறுந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனை ஏறச் சொன்னேன்.

பாதித் தூரத்தில் பீப்பாய் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் புரண்டன. கட்டு விட்டது. நான் ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். சட்டை கிழிந்தது. கரையில் வந்து, அவன் தனியாகத்தான் போனான், நான் பிறகுதான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கிழிந்த சட்டையைத் தேயிலைக்குள் புதைத்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாமல் கொழுந்துக்குப் போனேனே என்று ஆயா சாகும்வரைக்கும் தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

உன் படத்தில் இரண்டு உடல், நடுவில் ஒரு சட்டம். அலமாரிக் கதவைத் திறந்தால் எனக்கு அந்தப் பீப்பாய்கள்தான் தெரிகின்றன. ஒரு வரிக்கு மேல் எழுத முடியாமல் போனது அதனால்தான்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

வெள்ளைக்காரன் நம் கட்டுமரம் என்ற சொல்லை எடுத்து இந்தப் படகுக்கு வைத்தான், ஆனால் இரட்டை உடல் படகில் பெருங்கடலைத் தாண்டியவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள் என்று ஒருமுறை சொன்னாய். அவர்கள் இரண்டு உடலையும் கயிற்றால் கட்டித்தான் போனார்களாம். அப்படியானால் கட்டு நன்றாக இருந்தால் போகலாம். அதையும் நான் யோசித்துப் பார்க்கிறேன்.

அதனால் கேட்கிறேன். சரிந்து வரும் அலையில் ஒரு உடலின் முன்பக்கமும் மற்றதன் பின்பக்கமும் தூக்கும்போது, முறுக்கு முழுவதும் அந்தக் குறுக்குச் சட்டத்தின் மூட்டில்தான் விழும். நீ அனுப்பிய படத்தில் மூட்டு தெரியவில்லை. ஆளி நார் மட்டும் அதைத் தாங்குமா, உள்ளே வேறு ஏதும் வைக்கிறீர்களா? நடுத்தளத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி? தலைகீழானால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர உடலில் ஒரு கதவு வைப்பார்களாமே, உன் படத்தில் அது எங்கே இருக்கிறது, கைக்கு எட்டுமா?

இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நீந்தத் தெரியாவிட்டால் நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள். தெரிந்திருந்தால் எங்கே, யாரிடம் பழகினாய் என்று எழுது, எனக்குக் கோபம் வராது. பழகியிருந்தாலும் கயிறு கட்டிக்கொள்.

பார்சலில் இரண்டு கிலோ டஸ்ட் டீயும் மாசிக் கருவாடும் வைத்திருக்கிறேன். மூட்டின் படத்தைப் பெரிதாகக் கீறி அனுப்பு, கீழிருந்து பார்க்கிற மாதிரியும் ஒன்று. அலமாரிக் கதவில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா