வெண்ணாற்றுக் கடனை ரூபாயில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரும் நாடுகளுக்கு வரும் வெளிநாட்டு மூலதனம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, எவ்வளவு பணம் வருகிறது என்பதோடு நின்றுவிட்டது. எந்த நாணயத்தில் வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். காவிரிக் கடைமடையில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

வெண்ணாறு உபவடிநிலத்தை, அதாவது காவிரியின் கிளையான வெண்ணாறு பாயும் பகுதியைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்றவற்றின் கரைகளைப் பலப்படுத்தவும் நீரை அடைத்துத் திறக்கும் ரெகுலேட்டர்களைப் புதுப்பிக்கவும் வந்த பணம் அது. கடல்நீர் ஏறி வயல் உவர்ப்பதையும், கார்த்திகை மழையில் சம்பா மூழ்குவதையும் பார்த்த யாரும் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எனக்கும் வேலையில் குறையில்லை. கடனின் அமைப்பில்தான் குறை.

அப்போது டாலர் சுமார் 67 ரூபாய். 2024 டிசம்பரில் 85 ரூபாயைத் தாண்டியது. 670 கோடி ரூபாய்க்குச் சமமாக இருந்த தொகை 850 கோடியாகிவிட்டது. பணம் தவணைகளில் வந்து பல ஆண்டுகளில் திரும்புவதால் உண்மைச் சுமை இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் ரூபாய் சரியச் சரிய அது கூடும். வட்டியும் டாலர் சந்தையைத் தொட்டு ஏறி இறங்குவது. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.5 சதவீதத்துக்குப் போனது. அமெரிக்க விலைவாசியை அடக்க எடுத்த முடிவுக்கு அடப்பாற்றுக் கரை ஏன் பணம் கட்ட வேண்டும்?

இழப்பு யாருடையது என்பது பலருக்குத் தெரியாது. முன்பு மத்திய அரசு இத்தகைய கடனை ரூபாயாக மாற்றி மாநிலங்களுக்குக் கொடுத்தது. நாணய மாற்று இழப்பைத் தானே ஏற்றது. சி. ரங்கராஜன் தலைமையிலான 12ஆவது நிதிக்குழுவின் (மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் குழு) பரிந்துரைக்குப் பின், 2005 முதல், வாங்கிய நிபந்தனைகளோடே கடன் மாநிலத்தின் தலையில் இறங்குகிறது; நாணய மாற்று இழப்பும் மாநிலத்துக்கே. எங்கள் நெல்லோ நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ரூபாய்க்குத்தான் போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவனிடம், அறுவடை நாளின் தங்க விலைக்கு ஏற்பத் திருப்பிக் கட்டு என்றால் ஊர் சும்மா இருக்குமா?

ரூபாய்க் கடனுக்கு வட்டி கூடுதல் என்பார்கள். இருக்கட்டும். நிலையான வட்டி என்றால் முன்கூட்டியே தெரியும், பட்ஜெட்டில் ஒதுக்கலாம். இது நடக்காத காரியமும் அல்ல. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2014இல் லண்டனில் 1,000 கோடி ரூபாய்க்கு 'மசாலா பத்திரம்', அதாவது வெளிநாட்டில் விற்கும் ரூபாய்க் கடன் பத்திரம், வெளியிட்டது. அதில் ரூபாய் சரிந்தால் இழப்பு முதலீட்டாளருக்கு. தனியார் முதலீட்டாளர்கள் ஏற்ற அபாயத்தை வளர்ச்சி வங்கிகள் ஏற்கக் கூடாதா?

இனி டெல்டாவுக்கு எந்த வெளிநாட்டுக் கடன் வந்தாலும் அதை ரூபாயில் தரும்படி தமிழக அரசு முதலில் கேட்க வேண்டும். வெண்ணாற்றுக் கடனில் இதுவரை கட்டிய அசல், வட்டி, நாணய மாற்று இழப்பு மூன்றையும் தனித்தனியாக, ரூபாய்க் கணக்கில், சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு, நாகப்பட்டினம் மாவட்டம்.